திகதியும் நேரமும்: ஜேர்மனியிலிருந்து ஒரு குறிப்பு

இணையப் பக்கத்தில் ஒரு நாளையும் நேரத்தையும் காட்டுவது மிகச் சிறிய வேலையாகத் தோன்றும். கணினிக்குள் ஏற்கெனவே இருக்கும் ஓர் எண்ணை எடுத்து, நாள், மாதம், ஆண்டு என்று பிரித்துத் திரையில் எழுதிவிட்டால் முடிந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் புலம்பெயர்ந்த தமிழரின் இணையத்தளங்களைப் பார்த்தால், பிழை மலிந்த இடங்களில் இதுவும் ஒன்று. கோவில் திருவிழா அறிவித்தல், மரண அறிவித்தல், திருமணப் பொருத்தம், நூல் வெளியீடு, தொலைபேசி வழி இலக்கியச் சந்திப்பு எல்லாமே ஒரு திகதியையும் ஒரு மணியையும் நம்பி நிற்பவை. அவற்றை வாசிப்பவர் ஒருவர் யாழ்ப்பாணத்திலும் இன்னொருவர் டோட்முண்டிலும் மற்றொருவர் ரொறன்ரோவிலும் இருக்கிறார். இக்கட்டுரை ஜேர்மனியை மையமாக வைத்து, திகதியும் நேரமும் எப்படி எழுதப்படுகின்றன, தமிழில் அவற்றைக் காட்டும்போது எங்கே தடுக்குகிறது, என்ன செய்யலாம் என்பவற்றைத் தொகுத்துத் தருகிறது.

1. புள்ளியின் பொருள்

ஜேர்மனியில் நாள் முதலில், மாதம் அடுத்து, ஆண்டு கடைசியில். இடையில் புள்ளி: 03.04.2025. இந்தப் புள்ளி வெறும் பிரிப்புக் குறி அன்று. ஜேர்மன் மொழியில் எண்ணுக்குப் பின் வரும் புள்ளி 'ஆம்' என்ற பொருளைத் தருவது. '3.' என்றால் 'மூன்றாவது'. ஆகவே 03.04. என்று எழுதியதை ஜேர்மானியர் 'மூன்றாவது நான்காவது' என்றே வாய்விட்டு வாசிப்பர். நாம் '3ஆம் திகதி' என்று எழுதுவதற்கு அது மிக நெருக்கமானது. மாதப் பெயரை எழுத்தில் தரும்போதும் நாளுக்குப் பின் புள்ளி நிற்கும். அதை விட்டுவிட்டால் ஜேர்மானியர் கண்ணுக்கு அது எழுத்துப்பிழை.

சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1988இல் ஐ.எஸ்.ஓ 8601 என்ற தரத்தை வெளியிட்டது. அதில் ஆண்டு முதலில், பிறகு மாதம், நாள்: 2025-04-03. அலுவலகக் கடிதங்களுக்கான ஜேர்மன் தரமாகிய டின் 5008, 1996இல் இந்த வரிசையைக் கொண்டுவந்தது. மக்கள் பழக்கம் அசையவில்லை. பின்னர் வந்த பதிப்பு பழைய புள்ளி முறைக்கும் இடம் கொடுத்தது. இன்று ஜேர்மன் கடிதங்களிலும் படிவங்களிலும் புள்ளி முறையும், கணினிகளுக்கிடையே பரிமாறும் தரவில் கோட்டு முறையுமாக இரண்டும் வாழ்கின்றன.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சிக்கல். இலங்கை அரச ஆவணங்களில் ஆண்டை முன்னே வைத்து எழுதுவது பரவலான வழக்கம். இந்தியாவில் நாள் முன்னே, இடையில் சாய்கோடு அல்லது சிறுகோடு. அமெரிக்காவில் மாதம் முன்னே. ஒரே குடும்பம் இந்த மூன்று நாடுகளிலும் சிதறியிருந்தால் 03/04/2025 என்பதை ஒருவர் ஏப்ரல் மூன்றென்பார், மற்றவர் மார்ச் நான்கென்பார். எத்தனை நாட்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு என்று கணக்கிடலாம். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்களும் மாதமாகவும் வாசிக்கத்தக்கவை. 12 மாதத்துக்கு 144. நாளும் மாதமும் ஒரே எண்ணாக உள்ள 12ஐக் கழித்தால் 132. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

பிறந்த திகதியில் இந்தக் குழப்பம் வந்தால் அது எழுத்துப்பிழையோடு நிற்பதில்லை. புகலிடம் கோருபவரின் முதற்பதிவில் நாளும் மாதமும் இடம் மாறினால், பிறகு பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, குடியுரிமை விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் 'இரண்டும் ஒரே ஆள்தானா' என்ற கேள்வி எழும். பிறந்த நாளும் மாதமும் தெரியாதவர்களுக்கு '00.00.' என்று எழுதி ஆண்டை மட்டும் தரும் பதிவுகளும் ஜேர்மனியில் உண்டு. இணையப் படிவம் எழுதுபவர் பூச்சியம் என்ற நாள் கிடையாது என்று அதை மறுத்துவிட்டால், அந்த மனிதர் தம் அடையாள அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுதவே வழியில்லாமல் போகிறது.

2. இரண்டரையும் அரை மூன்றும்

எழுத்தில் ஜேர்மனி 24 மணி முறையைப் பின்பற்றுகிறது: 14:30. பேச்சில் 12 மணி முறையே வழக்கு. அதில்தான் புதிதாக வந்தவர் தடுக்கி விழும் 'ஹல்ப் டிரை' இருக்கிறது. சொல்லுக்குச் சொல் 'அரை மூன்று'. பொருள் மூன்றரை அன்று, இரண்டரை. தமிழன் இரண்டைக் கடந்து அரை என்று எண்ணுகிறான். ஜேர்மானியன் மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று எண்ணுகிறான். ஆங்கிலப் பேச்சுவழக்கிலோ 'ஹாஃப் திரீ' என்பது மூன்றரை. ஆங்கிலத்தோடு ஜேர்மனிக்கு வந்தவர் மருத்துவர் கொடுத்த நேரத்துக்கு ஒரு மணிநேரம் பிந்திப் போவது இதனால்தான். நாட்டின் கிழக்கிலும் தெற்கில் சில பகுதிகளிலும் 'ஃபீர்டல் டிரை', அதாவது 'கால் மூன்று', என்றால் இரண்டே கால். 'முக்கால் மூன்று' என்றால் இரண்டே முக்கால். பிற பகுதி ஜேர்மானியருக்கே இது குழப்பம் தருவது. எனவே நேரத்தைச் சொற்களாக விரித்துக் காட்டும் செயலிகள் ஜேர்மனியில் எண்களோடு நிற்பதே நல்லது.

நள்ளிரவுக்கு ஜேர்மன் வழக்கில் இரண்டு எண்கள் உண்டு. 0:00 என்பது நாளின் தொடக்கம். 24:00 என்பது நாளின் முடிவு. விண்ணப்பத்தின் கடைசி நேரம் 31ஆம் திகதி 24:00 என்றால் ஐயத்துக்கு இடமே இல்லை. '31ஆம் திகதி இரவு 12 மணி' என்று தமிழில் எழுதினால் அது 30ஐ அடுத்த நள்ளிரவா, 31ஐ அடுத்த நள்ளிரவா? இதற்கு மேல், நம் பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குவது. 'வெள்ளி இரவு ஒரு மணிக்குப் பூசை' என்று வீட்டில் சொன்னால் அது நாட்காட்டியில் சனிக்கிழமை 01:00. சிவராத்திரி அழைப்பிதழில் கிழமையை மட்டும் எழுதி மணியைப் போட்டால், பாதிப்பேர் ஒரு நாள் முந்தி வருவார்கள்.

24 மணி முறை வேண்டாம், தமிழில் பொழுதுப் பெயர்களே வேண்டும் என்பாரும் உளர். யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சி.எல்.டி.ஆர் என்ற பொதுக் களஞ்சியம் இதற்கு உதவும். அதில் தமிழுக்கு அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு என்று பகுப்பு உண்டு. நம் இலக்கணத்தின் சிறுபொழுதுகளை நினைவூட்டும் அழகான பட்டியல்தான். ஆனால் அது நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழ்பவரின் வானம். ஹம்பேர்க்கில் யூன் மாதம் இரவு பத்து மணியை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது. டிசெம்பரில் நான்கு மணிக்கே மறைந்துவிடுகிறது. டிசெம்பர் மாலை ஐந்து மணிக்கு அங்கே நட்சத்திரம் தெரியும். யூன் மாதத்து 'இரவு ஒன்பது மணி'க்குப் பிள்ளைகள் வெயிலில் பந்தடிப்பார்கள். பெயரைக் காட்டலாம், கூடவே எண்ணையும் காட்டவேண்டும்.

3. வாரம்

ஜேர்மன் நாட்காட்டியில் 1976 முதல் வாரம் திங்களில் தொடங்குகிறது. நம் நாட்காட்டி ஞாயிறில் தொடங்குவது. தமிழ் இடைமுகத்தில் ஞாயிறை முதற் பத்தியில் வைத்தால், ஜேர்மன் நாட்காட்டிக்குப் பழகிய கண் அதைத் திங்கள் என்றே எடுத்துக்கொள்ளும்.

பாடசாலைகளும் தொழிற்சாலைகளும் வார எண்ணையும் பயன்படுத்துகின்றன. '14ஆம் வாரத்தில் பொருள் வரும்' என்பது அங்கே இயல்பான பேச்சு. ஜனவரி 4ஆம் திகதி எந்த வாரத்தில் விழுகிறதோ அதுவே முதல் வாரம். 2026 ஜனவரி 1 வியாழக்கிழமை. எனவே 2026இன் முதல் வாரம் 2025 டிசெம்பர் 29 திங்களன்றே தொடங்கிவிட்டது. இதிலிருந்து பிறப்பது நிரலாளர்கள் சில ஆண்டுகளில் டிசெம்பர் இறுதியில் சந்திக்கும் ஒரு பிழை. பல நிரல் மொழிகளில் 'ஆண்டு' என்பதற்குச் சிறிய எழுத்தில் ஒரு குறியீடும், 'வாரக் கணக்கு ஆண்டு' என்பதற்குப் பெரிய எழுத்தில் ஒரு குறியீடும் உள்ளன. ஒன்றுக்கு மற்றதை எழுதிவிட்டால் ஆண்டு முழுவதும் எல்லாம் சரியாகவே தெரியும். கடைசி மூன்று நாட்களில் மட்டும் 30.12.2025 என்பது 30.12.2026 என்று மாறித் தெரியும்.

4. தமிழ்ச் சுருக்கங்கள்

ஜேர்மன் கிழமைப் பெயர்களை முதல் இரண்டு எழுத்தால் சுருக்கலாம், ஒன்றோடொன்று மோதாது. இந்தப் பழக்கத்தில், மொழி எதுவானாலும் முதல் ஒன்றிரண்டு குறியீடுகளை வெட்டி எடுக்கும் நிரல்களை எழுதிவிடுகிறார்கள். தமிழில் 'செவ்வாய்' என்பதன் முதற் குறியீடு 'ச'. எகரக் கொம்புக்குறி அடுத்த குறியீடு. ஆகவே செவ்வாயும் 'ச', சனியும் 'ச'. வியாழனும் 'வ', வெள்ளியும் 'வ'. மூன்று குறியீடாக வெட்டினால் 'ஜூன்' புள்ளியை இழந்து 'ஜூன' ஆகிறது. 'மார்ச்' என்பது 'மார' ஆகிறது. சுருக்கம் வேண்டுமானால் வெட்டக் கூடாது. ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று பட்டியலாக எழுதி வைக்கவேண்டும்.

பழைய கடிதங்களிலும் ஓலைகளிலும் வந்த நாள் (௳), மாதம் (௴), ஆண்டு (௵) குறிகள் 2003இல் வெளியான யூனிகோட் 4.0இல் இடம்பெற்றுவிட்டன. பழம்பதிப்புகளை இணையத்தில் ஏற்றுவோருக்கு அவை பெரும் உதவி. அன்றாட அறிவித்தலில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் சிலரே.

5. எந்த 'ஆடி'?

மாதப் பெயரிலும் நாம் ஒன்றுபட்டவர்கள் அல்லர். தமிழ்நாட்டில் செப்டம்பர், அக்டோபர். ஈழத்தில் செப்ரெம்பர், ஒக்ரோபர். அங்கே தேதி, இங்கே திகதி. இவை எழுத்து வேறுபாடுகள் மட்டுமே. இதைவிட ஆழமானது வேறொன்று. ஈழத்தமிழர் பேச்சிலும் கடிதத்திலும் தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பெப்ரவரி, ஆடி என்றால் யூலை என்று ஆங்கில மாதங்களுக்கே தமிழ்ப் பெயரிட்டு வழங்கும் மரபு உண்டு. 1983 யூலை வன்செயலை ஆடிக் கலவரம் என்பதும் அவ்வழக்கே. தமிழ்நாட்டு வாசகருக்கு ஆடி என்பது யூலை நடுவில் பிறந்து ஓகஸ்ட் நடுவில் முடியும் சூரிய மாதம். 'தை 5' என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கடிதம் ஜனவரி 5ஆக இருக்கலாம். அதையே மதுரையில் வாசிப்பவர் ஜனவரி 18 அல்லது 19 என்று கொள்வார். கடிதத் தொகுப்புகளையும் நாட்குறிப்புகளையும் பதிப்பிப்போர் இதைக் கவனியாமல் திகதியை மாற்றி எழுதினால் வரலாறே இரண்டு வாரம் நகர்ந்துவிடும். மூலத்தில் உள்ளதை அப்படியே காட்டி, எந்த நாட்காட்டி என்பதையும் பக்கத்தில் சொல்வதே முறை.

மேலே குறிப்பிட்ட களஞ்சியத்தில் தமிழ் நான்கு நாடுகளுக்கு வகுக்கப்பட்டுள்ளது: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். ஜேர்மனித் தமிழ் என்று ஒன்று இல்லை. 'தமிழ்' என்று மட்டும் கேட்டால் உலாவி இந்திய வழக்கையே தரும்; 12 மணி முறையே வரும். இலங்கைத் தமிழ் என்று கேட்டால் 24 மணி முறை கிடைக்கும். அதுவே ஜேர்மனியில் வாழ்பவருக்கும் பொருந்தும். ஆனால் மாதப் பெயர்கள் தமிழ்நாட்டு எழுத்துமுறையிலேயே வரும். ஒக்ரோபர் வேண்டுமென்றால் பன்னிரண்டு பெயரையும் நாமே கொடுக்கவேண்டியதுதான்.

6. நேர வலயம்

இன்று முழு ஜேர்மனிக்கும் ஒரே நேரம். எப்போதும் அப்படி இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பேர்லினுக்கு ஒரு நேரம், மூனிச்சுக்கு ஒரு நேரம், ஸ்ருட்கார்ட்டுக்கு ஒரு நேரம். படைத்தளபதி மோல்ட்கே 1891 மார்ச்சில், தாம் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், இந்தப் பல நேரங்கள் தொடர்வண்டிக்கும் படைக்கும் இடையூறு என்று நாடாளுமன்றத்தில் வாதாடினார். 1893 ஏப்ரல் 1 முதல், கிழக்கு 15ஆம் தீர்க்கரேகையின் நேரம் நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. அந்த ரேகை போலந்து எல்லையிலுள்ள கோர்லிட்ஸ் நகரின் ஊடாகச் செல்கிறது.

1916 ஏப்ரல் 30 இரவு, போர்க்கால எரிபொருள் சிக்கனத்துக்காக ஜேர்மனி கோடை நேரத்தைக் கொண்டுவந்தது. இடையில் கைவிட்டு, 1980இல் மீண்டும் தொடங்கியது. இப்போது மார்ச் கடைசி ஞாயிறில் ஒரு மணிநேரம் முன்னே. ஒக்ரோபர் கடைசி ஞாயிறில் பின்னே. ஒக்ரோபரில் 2 மணியிலிருந்து 3 மணி வரையுள்ள நேரம் இரண்டு முறை வரும். ஜேர்மன் விதி அவற்றுக்கு 2ஏ, 2பி என்று பெயரே வைத்திருக்கிறது. அந்த இரவில் இரட்டைப் பிள்ளை பிறந்தால், முதற்பிள்ளை 2.50க்கும் இளையது 2.10க்கும் பிறந்ததாகக் கடிகாரம் காட்டக்கூடும்! நேரத்தை மட்டும் எழுதினால் இளையது மூத்ததாகிவிடும். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்த மாற்றத்தைக் கைவிட வாக்களித்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. என்றாவது வரலாம் என்பதை நிரலாளர் மறக்கக்கூடாது.

கோடையில் இலங்கையும் இந்தியாவும் ஜேர்மனியைவிட மூன்றரை மணிநேரம் முந்தியவை, குளிர்காலத்தில் நாலரை. யாழ்ப்பாணத்தில் காலை 10 மணிக்கு நடக்கும் இறுதிக் கிரியையை நேரலையில் பார்க்க விரும்புபவர், கோடையில் 6.30க்கும் குளிர்காலத்தில் 5.30க்கும் எழுந்திருக்க வேண்டும்.

இலங்கைக் கணக்கில் இன்னொரு வளைவு உண்டு. மின்தட்டுப்பாட்டினால் 1996 மே மாதம் இலங்கை ஒரு மணிநேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரைமணி பின்னே வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரை மணி நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றின. ஒரே தீவில் இரண்டு நேரம். உலகக் கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு இருப்பது கொழும்பு என்ற ஒரே பதிவு. 2000ஆம் ஆண்டு கிளிநொச்சியில் பிறந்த ஒருவருக்கு இணையத்தில் சாதகம் கணிக்கும்போது, வீட்டில் குறித்த மணி பழைய நேரமாக இருந்து, செயலி அதைக் கொழும்பு நேரமாகக் கொண்டால், அரைமணி தவறும். இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மாறுவது. அரைமணியில் அடுத்த இராசிக்குப் போய்விடக்கூடும். சாதகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பொருத்தம் பார்த்து முடிவெடுக்கும் குடும்பத்துக்குத் தவறான எண்ணைக் கொடுக்கும் உரிமை நிரலுக்கு இல்லை.

ஜேர்மனிக்கும் அப்படி ஒரு விலக்கு உண்டு. சுவிற்சர்லாந்தால் சூழப்பட்ட பூசிங்கன் என்ற சிறு ஜேர்மன் ஊர், 1980இல் சுவிஸ் நேரத்தோடே நின்றது. அந்த ஆண்டு அங்கே கோடை நேரம் இல்லை. அதற்காகத் தரவுத்தளத்தில் 2013இல் தனிப்பதிவு சேர்க்கப்பட்டது. பூசிங்கனுக்குக் கிடைத்த கவனம் கிளிநொச்சிக்குக் கிடைக்கவில்லை. ஆகவே சாதகச் செயலி எழுதுவோர், அந்தப் பத்தாண்டுக்கு மட்டுமாவது 'எந்த நேரத்தில் குறித்தது' என்று பயனரிடமே கேட்பது நன்று.

7. திகதி நகரும் விதம்

ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஜனவரி 5ஆம் திகதி அதிகாலை 2 மணிக்குக் காலமாகிறார் என்று கொள்வோம். ஜேர்மனியில் அப்போது 4ஆம் திகதி 21:30. ரொறன்ரோவில் 4ஆம் திகதி பிற்பகல் 3.30. அறிவித்தல் தளம் அந்தக் கணத்தைப் பொது நேரத்தில் சேமித்து, வாசிப்பவரின் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டினால், ஜேர்மனியில் உள்ள மகன் பார்க்கும் பக்கத்தில் தந்தை 4ஆம் திகதி இறந்ததாக இருக்கும். அந்தியேட்டி 31ஆம் நாள். 5ஐ முதல் நாளாக எண்ணினால் பெப்ரவரி 4. 4ஐ எண்ணினால் பெப்ரவரி 3. மண்டபம் ஒரு நாளுக்கும் ஐயர் மறுநாளுக்கும் ஒழுங்காகிவிடுவது இப்படித்தான்.

எனவே சேமிக்கும்போதே மூன்று வகையைப் பிரித்தறிய வேண்டும்.

அ) கணம். ஒரு கட்டுரை வெளியான நேரம், பணம் அனுப்பிய நேரம் போன்றவை. இவற்றைப் பொது நேரத்தில் சேமித்து, வாசகரின் வலயத்துக்கு மாற்றிக் காட்டலாம்.

ஆ) நாள் மட்டும். பிறந்த நாள், இறந்த நாள், நூல் வெளிவந்த நாள். இவற்றுக்கு வலயமே கிடையாது; எங்கே வாசித்தாலும் மாறக்கூடாது. இவற்றை நள்ளிரவு 0 மணி என்ற கணமாகச் சேமிப்பதே பெரும்பிழை. ஜேர்மன் நள்ளிரவு பொது நேரத்தில் முந்தைய நாள் 23:00 அல்லது 22:00. மாற்றி எழுதியதும் ஒரு நாள் குறையும். ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று எண்ணாகவே வைத்திருக்கவேண்டும்.

இ) ஓர் இடத்தின் மணி. வரப்போகும் விழா, கூட்டம், தேர். இதற்கு அவ்வூர் நேரத்தையும் 'ஐரோப்பா/பேர்லின்' போன்ற வலயப் பெயரையும் சேர்த்துச் சேமிக்கவேண்டும். 'ஒரு மணி கூடுதல்' என்ற எண்ணை மட்டும் எழுதினால் கோடையில் தவறும். சட்டம் மாறினாலும் தவறும்.

பஞ்சாங்கம் இம்மூன்றிலும் சேராத நான்காவது வகை. திதி முடிவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். விரத நாளைத் தீர்மானிக்கும் சூரிய உதயமோ ஊருக்கு ஊர் வேறு. யாழ்ப்பாணத்தில் பின்னிரவு 1 மணிக்கு முடியும் திதி, ஹம் நகரில் குளிர்காலத்தில் முந்தைய நாள் 20:30க்கே முடிந்துவிடுகிறது. அங்குள்ள காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கு ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் அடியார் வருவதால், ஆலயம் அறிவிக்கும் நாளை அப்படியே காட்டுவதே செயலிக்கு உகந்தது. தானாகக் கணிக்க முற்படக்கூடாது.

8. தொகுத்துச் சொன்னால்

பொது அறிவித்தலில் மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுக: 3 ஏப்ரல் 2025, வியாழக்கிழமை. கிழமையும் இருந்தால் வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்வார். நேரத்தை 24 மணி முறையில் தந்து, பக்கத்தில் ஊரின் பெயரையும் எழுதுக: 18:30, பேர்லின் நேரம். ஒரே நிகழ்வைப் பல நாட்டார் பார்ப்பதானால் இரண்டு மூன்று ஊர் நேரங்களைத் திகதியோடு தருக. மணி மட்டும் மாறுவதில்லை, நாளும் மாறும். 'நேற்று', 'நாளை' என்ற சொற்கள் பக்கம் திறக்கும் நேரத்தைப் பொறுத்தவை. அச்செடுத்துச் சுவரில் ஒட்டினால் பொய்யாகிவிடும். ஆகவே அவற்றோடு திகதியும் இருக்கட்டும். மரண அறிவித்தலில் இறந்த இடத்தின் திகதியை மட்டுமே காட்டுக. அதை எவருடைய ஊர் நேரத்துக்கும் மாற்றவேண்டாம்.